'ஷ்தி' படம் வட பிரான்ஸுக்கு நல்லது செய்ததா?

கொட்டகை:
டேனி பூனின் 2008 பிரெஞ்சுப் படம் 'பியென்வெனு ஷே லே ஷ்தி' ('ஷ்திகள் ஊருக்கு நல்வரவு') நேற்றுதான் பார்த்தேன். ஷ்தி என்பது வடபிரெஞ்சு மக்களுக்கும் அவர்கள் பேச்சுக்கும் பெயர். தெற்கே வெயில் பக்கத்துத் தபால் அதிகாரி, கடற்கரை ஊருக்கு மாற்றல் வாங்கப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார். தண்டனையாக வடகோடியில் டன்கிர்க் அருகே பெர்க் ஊர். குளிர், குடி, முரட்டு ஜனம் என்று நடுங்கிப் போனவர் திரும்பும்போது அழுகிறார். பூன் அந்த வடக்கில் பிறந்தவர், தன் மக்களைத்தான் கேலி செய்கிறார். பிரான்ஸில் மட்டும் 2 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது. மக்களே கொண்டாடிய படம்.

லீல்வாசி:
எனக்கு அந்தக் கொண்டாட்டம் கசக்கிறது. அதிகாரியின் மனைவி ஊர் பார்க்க வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 'நரகம்' என்று அவளிடம் அவர் அளந்த பொய்யைக் காப்பாற்ற, ஊர் நண்பர்கள் அவளைப் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் குடிகாரர்களாக நடிக்கிறார்கள். அது செட் இல்லை, ப்ரூவே ஊரின் நிஜத் தெரு. இந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது. பிழைப்பு போனவர்களின் வாசலா நரகத்துக்கு அடையாளம்?

கொட்டகை:
நண்பரே, அங்கே ஏமாறுவது அவள்தான். வெளியூர்க்காரர் மனதில் இருக்கும் வடக்கை ஊர்க்காரர்களே நடித்துக் காட்டுகிறார்கள். அவமானம் பயந்தவளுக்கு, அவர்களுக்கு இல்லை.

லீல்வாசி:
எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லையே! படம் வந்த அடுத்த மாதமே, வடக்கின் லான்ஸ் அணியோடு நடந்த கால்பந்து இறுதியாட்டத்தில், பாரிஸ் ரசிகர்கள் இந்தத் தலைப்போடு 'வேலையற்றவர்கள்' என்றும் அதைவிடக் கேவலமாகவும் எழுதிய பதாகையை விரித்தார்கள்.

கொட்டகை:
அந்த வெறுப்பு படத்துக்கு முன்பே இருந்தது. அதைப் பூன் தலையில் கட்டாதீர்கள்.

சொல்லேர்:
இருவரும் பேச்சுமொழியை விட்டுவிட்டீர்கள். அந்த வட்டார வழக்கில் 'ஸ' வரும் இடத்தில் 'ஷ' வரும். அதிகாரி வீட்டில் நாற்காலி மேசை எதுவும் இல்லை. முந்தைய அதிகாரி 'அவருடையது' ('சியென்') என்று எடுத்துப் போனதாகச் சொன்னால், இவர் காதில் 'நாய்கள்' ('ஷியென்') என்று விழுகிறது. நாய்க்கு எதற்கு மேசை என்று குழம்புகிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் பெர்க் பரம்பரையாக, டச்சு மொழியின் வகையான ஃபிளமிஷ் பேசிய ஊர். ஷ்தி என்பது பிரெஞ்சுக்கு நெருக்கமான பிக்கார்டு மொழியின் வழக்கு. வடக்கு முழுவதையும் ஒரே பேச்சாக்கியதுதான் எனக்கு உறுத்தல்.

லீல்வாசி:
இதை ஏற்கிறேன். கொட்டகை, ஒருமுறை ப்ரூவேக்கு வாருங்கள். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படத்தில் வரும் அந்தக் குடியிருப்பும் அதில் உண்டு. வோல்டா, ஆம்பியர் என்று தெருப்பெயர்கள், சிவப்புச் செங்கல் வீடுகள். அவள் பயந்து நின்ற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.