140 மி.மீ. அகலத் தேக்கு மோல்டிங்கைச் சாதாரணப் பட்டறையில் வெட்டுவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் நான் பழுதுபார்க்கும் பழைய வீடு ஒன்றில், சுவரும் மேற்கூரையும் சேரும் இடத்தில் ஓடும் தேக்கு மோல்டிங்கில் (வளைவுகள் செதுக்கிய அலங்காரப் பட்டையில்) 9 அடி நீளம் மழைநீர் ஒழுகி உளுத்துவிட்டது. மீதமுள்ள பகுதியிலிருந்து வடிவத்தை அட்டையில் எடுத்திருக்கிறேன். நடுவே 70 மி.மீ. அகலமும் 20 மி.மீ. ஆழமும் உள்ள குழிவு, அதன்மேல் எஸ் வடிவ வளைவு, அடியில் சிறிய அரைவட்டப் புடைப்பு. ரௌட்டரில் (சுழலும் முனையால் மரத்தில் வடிவம் வெட்டும் கருவியில்) மாட்ட இவ்வளவு பெரிய பிட், அதாவது வெட்டுமுனை, கிடைக்கவில்லை. 9 அடிக்காகத் தனிக் கத்தி அடித்துத் தர மரப்பட்டறைகளும் முன்வரவில்லை. என்னிடம் 10 அங்குல டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட ரம்பம் நீட்டி நிற்கும் இயந்திரம்), ரௌட்டர், கை இழைப்புளிகள் ஆகியவை மட்டுமே உள்ளன.

மறுமொழி 1:
ஒரே பலகையில் வெட்ட முயலாமல், மூன்று பட்டைகளாகச் செய்து ஒட்டுங்கள். வளைவுகளுக்கு இடையே உள்ள சிறு படிகளில் இணைப்பை வைத்தால் அது நிழலில் மறைந்துவிடும். குழிவை டேபிள் சாவிலேயே எடுக்கலாம். பலகையை ரம்பத்துக்கு நேராகத் தள்ளாமல், சாய்வாகப் பொருத்திய கட்டையை ஒட்டித் தள்ளினால், வட்ட ரம்பம் குழிவாகச் சுரண்டிக்கொண்டு போகும். 20 மி.மீ. உயர்த்திய 10 அங்குல ரம்பம் மேசை மட்டத்தில் ஏறத்தாழ 137 மி.மீ. நீளம் இருக்கும், அதை 70 மி.மீ. அகலமாகக் குறுக்கிக் காட்ட, கட்டைக்கும் ரம்பத்துக்கும் இடையே வேண்டிய கோணம், ரம்பத்தின் தடிமனையும் சேர்த்தால், 30 பாகையை ஒட்டி வரும். பற்கள் பலகையை நம்மை நோக்கித் தள்ளுவதால், அந்தக் கட்டை நம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரம்பத்தை 1 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள், கடைசி முறை அரை மி.மீ. போதும். இந்த வெட்டில் பாதுகாப்பு மூடியைக் கழற்ற வேண்டியிருப்பதால், தள்ளுகட்டை இல்லாமல் தயவுசெய்து இறங்காதீர்கள். ரம்பத்துக்கு நேர் மேலே கை ஒருபோதும் போகக் கூடாது.

மறுமொழி 2:
எஸ் வளைவுக்கு வேறு வழி உண்டு. பட்டையின் முனையில் வடிவத்தை வரைந்து, கோட்டுக்கு அரை மி.மீ. முன்பே நிற்கும்படி, ஒவ்வொரு தடத்துக்கும் ஆழத்தை மாற்றி, டேபிள் சாவில் அடுத்தடுத்து நீளவாக்கில் கீறுங்கள். பார்வைக்குச் சீப்புப் பற்கள் போல நிற்கும் மிச்சத்தை உளியால் தட்டிவிட்டு, வளைந்த அடியுள்ள இழைப்புளியால் தடங்களின் அடி மறையும்வரை இழைத்தால் வளைவு வந்துவிடும். பழைய ரம்பத் தகட்டை அதே வடிவத்தில் அரத்தால் ராவிச் சுரண்டியாக்கிக்கொள்ளுங்கள். இழை மாறி ஓடும் தேக்கில் இழைப்புளி பிய்க்கும் இடங்களைச் சுரண்டிதான் காப்பாற்றும். அரைவட்டப் புடைப்பை ரௌட்டரிலேயே முடித்துவிடலாம்.

மறுமொழி 3:
தேக்கில் எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் இணைப்பு முகங்களைத் தின்னரால் துடைத்துவிடுங்கள். தேக்கில் உள்ள மணற்சத்து பற்களைச் சீக்கிரம் மழுங்கச் செய்யும். கார்பைடு (மிகக் கடினமான உலோகச் சேர்மம்) முனை ரம்பத்தைப் பயன்படுத்துங்கள். பலகையை 11 அடியாக எடுத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பழுதை வெட்டித் தள்ளலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேப்பங்கட்டையில் சோதித்தேன்: 30 பாகையில் குழிவு 71 மி.மீ. வந்தது, கோணத்தை மயிரிழை குறைத்ததும் என் அட்டை அதில் சரியாகப் படிந்தது. குறுக்கே தெரியும் ரம்பத் தடங்களை, குழிவின் வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளை தேக்கில் தொடங்குகிறேன்.