4-13ல் முடிந்த என்.எஃப்.எல். அணி: யாரை விற்பது, யாரை வைத்துக்கொள்வது?

நாலாவது_டவுன் கேட்டது:

கற்பனை என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒன்றை வைத்துக் கேட்கிறேன். ஆனால் வருஷா வருஷம் ரெண்டு மூணு அணிகள் இதே நிலைமையில்தான் நிற்கின்றன.

சீசன் 4-13 (4 வெற்றி, 13 தோல்வி). ஜி.எம். (ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி), ஹெட் கோச் இருவரும் புதுசு. குவாட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) 33 வயது. 5 வருட, 200 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் 2 வருடம் போயிருக்கிறது. அதில் 60 மில்லியன் சைனிங் போனஸ் (கையெழுத்திட்டதற்குக் கொடுத்த தொகை). லெஃப்ட் டேக்கிளுக்கு (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஆள்) 27 வயது, லீக்கில் முதல் எட்டு பேருக்குள் வருவார். எட்ஜ் ரஷருக்கு (எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்) 29 வயது, போன சீசனில் 11 சாக் (எறியும்முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது), ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி. டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) 5ஆவது பிக் (தேர்வு முறை) கையில் இருக்கிறது. கேப்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பு) இடம் ரொம்பக் குறைவு.

மூணு பேரையும் விற்றுவிட்டு பிக்குகளாகச் சேர்ப்பதா? டெட் மணியை (ஆள் போன பிறகும் கேப்பில் நிற்கும் தொகை) ஒரே வருஷத்தில் விழுங்குவதா, ரெண்டாகப் பிரிப்பதா? 5ஆவது பிக்கில் உடனே குவாட்டர்பேக் எடுப்பதா? "பொறுமை வேண்டும்" என்பதெல்லாம் தெரிந்ததுதான். எதற்குப் பின் எது என்று வரிசை சொல்லுங்கள்.

---

கேப்_கணக்கு:

முதல்ல குவாட்டர்பேக் கணக்கைப் பாத்துடுவோம். மத்ததெல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

60 மில்லியன் போனஸ் கேப்பில் 5 வருஷத்துக்குப் பிரியும், வருஷத்துக்கு 12. ரெண்டு வருஷம் போச்சு, மிச்சம் 36. மூணாவது வருஷச் சம்பளம் 33ன்னு வெச்சுக்குங்க. அப்போ கேப்பில் அவர் கணக்கு 45.

ஜூன் 1க்கு முன்னாடி வெட்டினா (அணியிலிருந்து விடுவிச்சா) மிச்ச 36ம் அப்பவே இந்த வருஷக் கணக்கில் வந்து விழும். மிச்சமாகுறது 9தான். ஜூன் 1க்குப் பின்னாடின்னு குறிச்சு வெட்டினா (ஒரு அணி வருஷத்துக்கு ரெண்டு பேரை இப்படிக் குறிக்கலாம்) இந்த வருஷம் 12, அடுத்த வருஷம் 24. மிச்சம் 33. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 33 உங்க கைக்கு வர்றது ஜூன்ல. அதுவரைக்கும் முழு 45ம் உங்க புத்தகத்தில் உக்காந்திருக்கும். மார்ச் நடுவில் தொடங்குற ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்களை வாங்குற காலம்) அதுக்குள்ள முடிஞ்சு போயிருக்கும்.

டிரேட் பண்ணினாலும் டெட் மணி அதே 36தான். 33 சம்பளம் மட்டும் வாங்குற அணி தலையில போகும். இதெல்லாம் அந்தச் சம்பளம் கேரண்டி (வெட்டினாலும் கொடுத்தே ஆக வேண்டியது) ஆகாம இருந்தா மட்டும். கேரண்டி ஆயிருச்சுன்னா வெட்டினா 36ம் 33ம் சேர்ந்து 69. டென்வர் அணிக்குக் குவாட்டர்பேக் ரஸல் வில்சன் விஷயத்தில் நடந்தது இந்த ரகம்தான்: மொத்தம் 85 மில்லியன் டெட் மணி, 2024ல 53, 2025ல 32. அதனால ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் முதல்ல தேட வேண்டியது, எந்தத் தேதியில் எந்தச் சம்பளம் கேரண்டி ஆகுதுங்கிறதைத்தான். லீக் வருஷம் தொடங்கின 3ஆவது நாள், 5ஆவது நாள்னு போட்டிருப்பாங்க. டிரேட் பேச்சுக்கு உண்மையான கெடு அதுதான்.

ஒரே வருஷத்தில் விழுங்குங்க. எப்படியும் ஜெயிக்கப் போறதில்லாத வருஷம். அடுத்த வருஷ கேப்பில் 24 மில்லியன் ஓட்டை இருந்தா நல்ல கார்டு (முன்வரிசைக் காவல் ஆள்) ஒருத்தரும் கார்னர்பேக் (பந்து பிடிக்க வர்றவரைத் தடுக்கிறவர்) ஒருத்தரும் கைநழுவிப் போவாங்க. செலவழிக்காத கேப் அடுத்த வருஷத்துக்கு அப்படியே போகும், அதுவும் உங்க பக்கம்தான். பிரிக்கிறதுக்கு ஒரே நியாயம், விழுங்கினா கேப்புக்குள்ளயே அடங்காதுங்கிற நிலைமை.

செய்யவே கூடாதது: "இடம் பண்ணுறோம்"னு சம்பளத்தைப் போனஸா மாத்துறது. 30 மில்லியனை மிச்சமுள்ள 3 வருஷத்துக்குப் பிரிச்சா இந்த வருஷம் 20 மிச்சமாகும், ஆனா அந்த 20 அடுத்த ரெண்டு வருஷத்தின் தலையில ஏறும். உங்க அணி இந்த நிலைமைக்கு வந்ததே முன்னாடி இருந்தவங்க இதைச் செஞ்சதாலதான் இருக்கும்.

---

ஹோனலூலு_நீலம்:

டெட்ராய்ட் லயன்ஸ் 2021ல் செய்ததை வரிசையாகப் பார்த்தால் உங்கள் மூணு கேள்விக்கும் பதில் கிடைக்கும். பிராட் ஹோம்ஸ் ஜி.எம்., டான் கேம்ப்பெல் கோச். இருவரும் அந்த ஜனவரியில் வந்தவர்கள்.

குவாட்டர்பேக்கை விற்றார்கள். ஸ்டாஃபோர்டைக் கொடுத்து ராம்ஸ் அணியிடம் குவாட்டர்பேக் கோஃப், 2021 மூன்றாம் ரவுண்டு பிக், 2022, 2023 முதல் ரவுண்டு பிக்குகள் வாங்கினார்கள். கோஃபை அப்போது யாரும் எதிர்காலம் என்று நினைக்கவில்லை; ராம்ஸ் கழற்றிவிட விரும்பிய ஒப்பந்தம் அது. அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டதற்கான விலையும் அந்த முதல் ரவுண்டு பிக்குகளுக்குள் அடக்கம்.

ஆனால் எல்லாரையும் விற்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. லெஃப்ட் டேக்கிள் டெக்கர் இருந்தார். சென்டர் ராக்னோவுக்கு அந்த மே மாதமே ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அதற்கு முன், டிராஃப்டில் 7ஆவது பிக்கில் டேக்கிள் பெனே சூவல். 41ஆவதில் டிஃபென்ஸ் லைன்மேன், 72ஆவதிலும் டிஃபென்ஸ் லைன்மேன். முதல் மூணு பிக்கும் லைனுக்கே (முன்வரிசைக்கே). ரிசீவரை (பந்து பிடிப்பவரை) 112ஆவதில்தான் எடுத்தார்கள். அவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன்.

எனவே உங்கள் 27 வயது லெஃப்ட் டேக்கிளை விற்காதீர்கள். அணி தேறும் வருடத்தில் அவருக்கு 29, 30 வயதுதான் இருக்கும். டேக்கிளுக்கு அது நல்ல வயது. மயாமி 2019ல் டேக்கிள் டன்ஸிலை ஹூஸ்டனுக்கு விற்று ரெண்டு முதல் ரவுண்டு, ஒரு இரண்டாம் ரவுண்டு வாங்கியது. விலை அபாரம். ஆனால் மறு டிராஃப்டில் 5ஆவது பிக்கில் குவாட்டர்பேக் எடுத்த கையோடு, 18ஆவது பிக்கை டேக்கிளுக்கே செலவழிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் அந்த லைன் தேறவில்லை.

எட்ஜ் ரஷரை விற்கலாம், மார்ச்சிலேயே. நவம்பர் டிரேட் டெட்லைன் வரை வைத்திருந்தால் வாங்குபவருக்கு அரை சீசன்தான் கிடைக்கும், அதற்கேற்ற விலைதான் கொடுப்பார். முழங்கால் காயம் வந்தால் அதுவும் போச்சு.

---

நாலாவது_டவுன்:

கணக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் ஸ்டாஃபோர்டுக்கு அந்த விலை கொடுக்க ராம்ஸ் இருந்தது. என் கற்பனை அணியின் 33 வயதுக்காரரை யாருமே கேட்கவில்லை என்றால்? எட்ஜ் ரஷரைப் பேசாமல் ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்து காம்ப்பென்ஸேட்டரி பிக் (ஆள் வெளியேறியதற்கு ஈடாக லீக் தரும் கூடுதல் பிக்) வாங்கிக்கொள்ளலாமே?

---

மூணாவது_ரவுண்டு:

காம்ப் பிக்கை நம்பி உக்காரக் கூடாது, பாஸ். அவர் அடுத்த மார்ச்சில் வெளிய போனா, பிக் அதுக்கும் அடுத்த வருஷ டிராஃப்டில்தான் வரும். எவ்வளவு பெரிய ஒப்பந்தம் வாங்கினாலும் மூணாம் ரவுண்டு கடைசியைத் தாண்டாது. நடுவுல நீங்க அதே அளவு பெரிய ஃப்ரீ ஏஜென்ட்டை வாங்கினீங்கன்னா ரெண்டும் கழிஞ்சு பூஜ்யம்.

ஆனா அந்த விதியில் ரெண்டு சந்து இருக்கு, திரும்பக் கட்டுற அணி ரெண்டையும் பயன்படுத்தணும். பழைய அணி வெட்டிவிட்ட ஆளை வாங்கினா கணக்கில் சேராது; ஒப்பந்தம் முடிஞ்சு வர்றவர் மட்டும்தான் சேருவார். டிராஃப்ட் முடிஞ்ச அடுத்த திங்கள்கிழமைக்குப் பிறகு வாங்குறவரும் சேர மாட்டார். அதனால ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டிய 30 வயசு கார்டு, லைன்பேக்கர் எல்லாரையும் மே மாசம் வாங்குங்க. விலையும் இறங்கியிருக்கும்.

கேப் இடத்தையே காசு மாதிரி விக்கலாம். 2017ல கிளீவ்லாண்ட் ஹூஸ்டன்கிட்டருந்து பிராக் ஆஸ்வைலரோட 16 மில்லியன் கேரண்டி சம்பளத்தை வாங்கிக்கிச்சு. ஆளுக்காக இல்ல, கூட வந்த 2018 இரண்டாம் ரவுண்டு பிக்குக்காக. அது 35ஆவது பிக்கா அமைஞ்சு நிக் சப் வந்தாரு. உங்களுக்கு இந்த வருஷம் இடம் இல்ல. டெட் மணியை முழுங்கி முடிச்ச ரெண்டாவது வருஷம் இதைச் செய்யலாம்.

அப்புறம் வேவர் (வெட்டிவிட்ட ஆளை மத்த அணிகள் வரிசைப்படி எடுத்துக்கிற முறை). ஆகஸ்ட் கடைசியில 90 பேர் பட்டியல் 53ஆ சுருங்குது. லீக் முழுக்க ஆயிரத்துக்கு மேல ஆள் ஒரே நாளில் வெளிய வர்றாங்க. மூணாவது வாரம் வரைக்கும் வேவர் வரிசை போன சீசன் ரெக்கார்டுபடிதான், அதாவது உங்களுக்கு 5ஆவது இடம். நாலு சீசன் முடிச்ச மூத்த ஆட்டக்காரங்க அந்த நேரத்தில் வேவருக்கு வரமாட்டாங்க, நேரா ஃப்ரீ ஏஜென்ட். சின்ன வயசு ஆளுங்கதான் சிக்குவாங்க, உங்களுக்கு வேண்டியதும் அவங்கதான். மூணு நாலு பேரை எடுங்க. ஆனா எடுத்தவரை 53ல வைக்கணும், அதனால உங்க 53ல 50ஆவதுலருந்து 53ஆவது வரைக்கும் யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்கணும். கோச் அந்த நாலு இடத்தையும் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கிற கட்டங்களில் இறங்குற குழு) ஆளுக்குன்னு கேப்பார். முதல் வருஷம் கொடுக்காதீங்க.

33 வயசுக்காரரை யாரும் கேக்கலைன்னா? வெச்சுக்குங்க. கேப்பில் 45 சுமந்து ஒரு சீசன் ஆடவிட்டு அடுத்த மார்ச்சில் வெட்டினா டெட் மணி 24தான். அசிங்கமா இருக்கும், ஆனா வேற ஒரு பழைய குவாட்டர்பேக்குக்குக் காசு கொடுக்க வேண்டியதில்ல.

---

பிளிட்ஸ்_பார்வை:

5ஆவது பிக் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. உங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த குவாட்டர்பேக் 5இல் இருந்தால் எடுங்கள், தயங்க வேண்டாம். ரூக்கி (புதுமுக) ஒப்பந்தம் அவ்வளவு மலிவு: 2024ல் டென்வர் 12ஆவது பிக்கில் எடுத்த குவாட்டர்பேக் போ நிக்ஸுக்கு 4 வருடத்துக்கு மொத்தமே 18.6 மில்லியன். வில்சனின் 53 மில்லியன் டெட் மணியைச் சுமந்துகொண்டே டென்வர் அந்த வருடம் 10-7 முடித்தது இதனால்தான்.

அவர் அங்கே இல்லையென்றால் பிக்குகளைக் கொடுத்து மேலே ஏறிப் போய் வாங்காதீர்கள். கரோலினா 2023ல் முதல் பிக்குக்காக சிகாகோவிடம் கொடுத்தது: 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, போதாததற்கு தங்கள் முதல்தர ரிசீவர் டி.ஜே. மூர். குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தார்கள், அவர் எறியும் பந்தைப் பிடிக்க ஆளில்லை. 62 சாக். சீசன் 2-15. சிகாகோவுக்குக் கொடுத்த 2024 பிக் முதல் பிக்காகவே போய் முடிந்தது. கார்டுகள் ராபர்ட் ஹண்டுக்கும் டேமியன் லூயிஸுக்கும் பெரும்பணம் கொடுத்தது அதற்கு அடுத்த வருடம். தலைகீழ் வரிசை.

சிகாகோவும் அப்படியொன்றும் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிடவில்லை. அந்த முதல் பிக்கில் குவாட்டர்பேக் கேலெப் வில்லியம்ஸ். 2024ல் 68 சாக். 2025ல்தான் தூனி, ஜோனா ஜாக்ஸன், டால்மன் என்று உள் லைன் முழுவதையும் ஒரே மார்ச்சில் மாற்றினார்கள்.

கீழே இறங்குவதற்கு ஒரு உதாரணம். 2023ல் டெட்ராய்ட் ராம்ஸிடமிருந்து வந்த 6ஆவது பிக்கையும் 81ஐயும் அரிஸோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 வாங்கியது. ஜிம்மி ஜான்சன் பட்டியல்படி (ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்பு போடுவது) 6க்கு 1600, 81க்கு 185, ஆக 1785. இந்தப் பக்கம் 1200, 560, 168க்குச் சுமார் 24. கிட்டத்தட்ட சமன். ஆனால் அந்தப் பட்டியல் மேல் பிக்குகளுக்கு அளவுக்கு மீறி மதிப்புப் போடும் பழைய பட்டியல். சமமாக முடிந்தாலே இறங்கியவருக்கு லாபம். 12இல் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) கிப்ஸ், 34இல் டைட் எண்ட் (தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர்) லபோர்ட்டா. முந்தைய நவம்பரில்தான் டைட் எண்ட் ஹாக்கின்சனை மின்னசோட்டாவுக்கு விற்றிருந்தார்கள், அந்த ஓட்டை அப்படி அடைபட்டது.

மேல் பிக்குக்காக வேண்டுமென்றே தோற்பது பற்றி ஒரு வார்த்தை. ஆட்டக்காரர்கள் அதற்கு ஒத்துழைக்க மாட்டார்கள், அவர்களுடைய அடுத்த ஒப்பந்தம் அந்த வீடியோவில்தான் இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கும் தாங்காது: கிளீவ்லாண்ட் 1-15, 0-16 என்று போனபோது பிக்குகளைக் குவித்த நிர்வாகி சாஷி பிரவுனை 2017 டிசம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். குவித்ததைச் செலவழித்தது அடுத்தவர். இதற்கு நேரெதிர் டெட்ராய்ட்: 2022 அக்டோபரில் 1-5ல் கிடந்தபோது உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் வெளிப்படையாக ஜி.எம்., கோச் பக்கம் நின்றார். அந்த சீசன் 9-8ல் முடிந்தது, அடுத்தது 12-5. உரிமையாளர் மூணு வருடம் தாங்குவாரா என்பதை வேலைக்குச் சேரும்முன் ஜி.எம். எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தக் காலம்தான் அந்த எழுத்து. 6 வருடம் கொடுக்கும் உரிமையாளரும் 3 வருடம் கொடுப்பவரும் ஒரே மாதிரி "பொறுமை" என்றுதான் சொல்வார்கள்.

---

கேப்_கணக்கு:

பிளிட்ஸ் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கலாம். ரெண்டாவது வருஷம் கேப்பில் இடம் வந்ததும் அகலக்கால் வெச்சு நாலு வருஷ ஒப்பந்தமா போடுவாங்க. கேரண்டி ரெண்டு வருஷத்தைத் தாண்டக் கூடாது. ஏன்னா முதல் டிராஃப்டில் எடுத்தவங்களுக்கு மூணாவது சீசன் முடிஞ்சதும் நீட்டிப்பு பேசலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிப்பாங்க. டெட்ராய்ட் 2024 ஏப்ரல்ல சூவலுக்கு 112 மில்லியன், செயின்ட் பிரவுனுக்கு 120, மே மாசம் கோஃபுக்கு 212.

அதுல யாரோட முதல்ல பேசணும்ங்கிறதுக்கும் விதி இருக்கு. முதல் ரவுண்டுக்காரருக்கு ஐந்தாம் வருட ஆப்ஷன் (ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்ட அணிக்கு உள்ள உரிமை) உண்டு, மூணாவது சீசனுக்கு அடுத்த மே மாசத் தொடக்கத்துக்குள்ள சொல்லணும், சொன்னதும் முழுக்க கேரண்டி. சூவல் மாதிரி ஆள்கிட்ட ஒரு வருஷம் தள்ளிப் பேசலாம். செயின்ட் பிரவுன் மாதிரி நாலாம் ரவுண்டுக்காரருக்கு ஆப்ஷனே கிடையாது. அந்த ஏப்ரலை விட்டீங்கன்னா மறு மார்ச்சில் அவர் ஃப்ரீ ஏஜென்ட், இல்லைன்னா ஃப்ரான்ச்சைஸ் டேக் (ஆளை ஒரு வருஷம் போக விடாம வைக்கிற உரிமை) போட்டுக் கூடுதல் விலை கொடுக்கணும்.