புதுப்பிப்பு: வீட்டுப் பாதுகாப்புக்கான ஷாட்கன் தோட்டா

டெக்சாஸில் எங்கள் வீட்டிலுள்ள 12 கேஜ் குழல் அளவுள்ள ஷாட்கனுக்கு (ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகளைச் சுடும் துப்பாக்கி) எந்தத் தோட்டா பொருத்தம் என்று முன்பு கேட்டிருந்தேன். சுவரைத் துளைக்காது என்பதால் பறவை வேட்டைக்கான பேர்ட்ஷாட்டே போதும் என்று பலர் பதிலளித்திருந்தீர்கள். பயிற்சித் தளத்தில் சுட்டுப் பார்த்தபின், மான் வேட்டைக்கான, பெரிய குண்டுகள் கொண்ட இரட்டைச் சுழிய (00 அளவு) பக்‌ஷாட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பேர்ட்ஷாட்டின் பொடிக் குண்டுகள் விரைவில் வேகமிழப்பதால், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, உடல் தசைக்குப் பதிலாக ஜெலட்டினில் சுட்டுப் பார்க்கும் தன் சோதனையில் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் 12 அங்குல ஆழத்தை அவை பொதுவாக எட்டுவதில்லை. பக்‌ஷாட்டின் 0.33 அங்குலக் குண்டு எட்டும். ஆனால் அதே குண்டு அரை அங்குல ஜிப்சம் பலகைகளாலான உட்சுவர்கள் பலவற்றையும் ஊடுருவும் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் அறை இருக்கும் திசையில் எக்காரணம் கொண்டும் சுடுவதில்லை என்று நானும் மனைவியும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

குண்டுகளின் சிதறல்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வீட்டுக்குள் நேராகப் பார்க்க முடிகிற மிக நீண்ட தூரத்தை அளந்து, அதே தூரத்தில் காகித இலக்கில் சுட்டபோது, சாதாரண 9 குண்டுத் தோட்டாவில் ஒரு குண்டு மற்றவற்றை விட்டு விலகிப் போயிருந்தது. ஃபெடரல் நிறுவனத்தின், குண்டுகளை அதிகம் சிதறவிடாத ஃப்ளைட்கன்ட்ரோல் வகை 8 குண்டுத் தோட்டாவோ உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியது. பின்னுதைப்புக் குறைந்த வகை என்பதால் மனைவியாலும் அதைத் தடுமாறாமல் சுட முடிகிறது. குழலுக்குக் குழல் சிதறல் மாறும். ஆகவே வாங்குமுன் உங்கள் துப்பாக்கியிலேயே சோதித்துப் பாருங்கள்.