மூன்றாவது பிஸ்டன் மட்டும் மேலே வர மாட்டேன் என்கிறது

கேள்வி:
20 வருடமாக ஓடாமல் நின்ற பழைய காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை வீட்டிலேயே இறக்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். செயின் பிளாக்கில் தூக்கியது, கியர்பாக்ஸைப் பிரித்தது, ஹெட்டைக் கழற்றியது எல்லாம் ஒரு மாதிரி முடிந்தது. 1, 2, 4 பிஸ்டன்களைக் கீழிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினேன், வந்துவிட்டன. 3 மட்டும் போரின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின்) வாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே முட்டி நிற்கிறது. பெரிய சுத்தியலை எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளில் ரப்பர் ட்யூபை மாட்டுங்கள், இல்லாவிட்டால் மரை கிராங்க்கைக் கீறிவிடும். அப்புறம் பிஸ்டனைக் கீழே இறக்கி, போரின் உள்சுவரில் விரல் நகத்தால் மேலும் கீழும் தடவிப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றிக் காடிகளில் உட்காரும் ரிங்குகளில் மேல் ரிங் எட்டும் இடம் வரைதான் போர் தேயும். அதற்கு மேலே தேயாத விளிம்பு நிற்கும். ரிங் அதில்தான் முட்டும். ஓங்கி அடித்தால் ரிங்கோடு பிஸ்டனின் காடி ஓரமும் உடையும்.

கேட்டவர்:
நகம் நன்றாகவே தட்டுகிறது. ஆனால் மற்ற மூன்றும் வந்தனவே? இதில் மட்டும் வாய்ப்பக்கம் துரு வளையம் தெரிகிறது.

பதில் 2:
வண்டி நின்றபோது அந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்திருக்கும். ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். துருநீக்கி எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, துருவைத் தேய்த்து எடுங்கள். பிஸ்டன் தலையில் துணியை அடைத்துவிட்டு அந்த விளிம்பைச் சீவும் கருவியான ரிட்ஜ் ரீமரைக் கையால் சுற்றுங்கள். விளிம்பு தேய்ந்த சுவரோடு சமமானதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே சீவினால் போர் போச்சு. தட்டி எடுத்த மூன்றிலும் கரியைச் சுரண்டி, காடியில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். விளிம்பைச் சீவிவிட்டுத்தான் தட்டியிருக்க வேண்டும்.

பதில் 1:
ராடு கேப்புகளில் (ராடின் அடிமுனையைக் கிராங்க்கோடு சேர்த்துப் பூட்டும் மூடிகளில்) எண் குறித்தீர்களா?

கேட்டவர்:
இல்லை. 1, 2 கேப்புகள் கலந்துவிட்டன.

பதில் 1:
முதலில் ராடும் கேப்பும் சேருமிடத்தில், பக்கவாட்டில், எண் குத்தியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பேரிங் ஷெல்லை (அரைவட்டத் தகட்டை) எடுத்துவிட்டு மாற்றி மாற்றிப் பூட்டுங்கள். ராடையும் அதன் கேப்பையும் சேர்த்துப் பூட்டித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். ஜோடி சரி என்றால் இணைப்பில் நகம் தட்டாது. மறுபடியும் நகம்தான்! கேப்பைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்: ஷெல் நாக்குக்கான இரண்டு வெட்டும் ஒரே பக்கம் வர வேண்டும். பொருந்தினாலும் பட்டறையில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஜோடி கிடைத்துவிட்டது. ரீமர் இரவல் வாங்கி விளிம்பைச் சீவினேன். மூன்றாவது பிஸ்டன் கட்டையால் நாலு தட்டில் வந்தது. மேல் ரிங் ஏற்கெனவே இரண்டு துண்டு.