ஹோஸ்டிங் புதுப்பிக்க 5,650 ரூபாய் கேட்கிறார்கள்: சின்ன வெப்சைட்டுக்கு வேறு வழி உண்டா?

பத்தமடை_பாய்:
வணக்கம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுக்கிறேன். குழுவுக்கு ஒரு வெப்சைட் உண்டு. முகப்பு, பாய் வகைகள், கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்து தருவது, தொடர்பு எண். நாலே பக்கம், வேர்ட்பிரஸ்ஸில் (தளம் செய்யும் மென்பொருள்) இருக்கிறது.

தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, முதல் வருஷம் மாதம் 99 ரூபாய் கணக்கில் ஜிஎஸ்டியோடு 1,400 சொச்சம் கட்டினோம். இப்போது மாதம் 399 என்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக, வரியும் சேர்த்து 5,650 ரூபாய். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, தனி. நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களின் காசு இது, அப்படியே எடுத்துக் கட்ட மனசு வரவில்லை.

டொமைன் பெயரில் ஒரு மெயிலும் இருக்கிறது. வெளியூர் ஆர்டர் அதில்தான் வரும். அது மட்டும் நின்றுவிடக் கூடாது.

பாளை_வலை:
தம்பி, கட்டாதீர்கள். முதல் வருஷ விலை ஆள் சேர்க்கிற விலை, புதுப்பிக்கிற விலைதான் உண்மையான விலை. எந்த ஹோஸ்டிங் பார்த்தாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் தளத்தில் லாகின் கிடையாது, கூடை கிடையாது, பணம் கட்டும் வசதி கிடையாது. நாலு பக்கத்தைக் காட்ட, வேர்ட்பிரஸ்ஸுக்குப் பின்னால் இயங்கும் பிஹெச்பியும் டேட்டாபேஸும் இரவு பகலாக ஓட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ்ஸில் 'சிம்ப்ளி ஸ்டாட்டிக்' என்ற துணை மென்பொருளை (ப்ளகின்) போட்டால், தளம் முழுவதையும் வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு ஜிப் கோப்பில் தந்துவிடும். அதைக் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 'பேஜஸ்' என்ற இலவசச் சேவையில் ஏற்றினால் ஹோஸ்டிங் செலவு பூஜ்யம். பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல்லும் அவர்களே தருகிறார்கள். ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு, உங்களுக்கு அது தட்டாது.

கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான். ஆனால் வியாபாரம் நடத்தும் தளத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஆர்டர் எடுக்கிற உங்களுக்கு அது வேண்டாம்.

தொடர்புப் படிவம் மட்டும் இதில் வேலை செய்யாது. அந்த இடத்தில் வாட்ஸப் இணைப்பு வைத்துவிடுங்கள்.

கல்லிடை_அப்பளம்:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் ஒன்று. ஹோஸ்டிங்கை விட்டதும் வேர்ட்பிரஸ்ஸும் போய்விடும். நாளைக்கு ஒரு விலையை மாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வது? கம்ப்யூட்டரிலேயே வேர்ட்பிரஸ்ஸை ஓட்ட உதவும் எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு அதில் வேர்ட்பிரஸ் பிரதியை வைத்துக்கொள்ளத் தெரிந்தால் நல்லது. அது சிரமம் என்றால் கூகுளின் இலவச பிளாகர் போதும். சொந்த டொமைனை அதில் காசில்லாமல் இணைக்கலாம், போனிலிருந்தே திருத்தலாம். எங்கள் அப்பளக் கடைக்கு அதுதான் ஓடுகிறது. பார்க்கக் கொஞ்சம் பழைய பாணியாக இருக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பத்தமடை_பாய்:
இருவருக்கும் நன்றி. எங்கள் பக்கம் அதிகம் மாறாது, எக்ஸாம்ப் வழியே போகிறேன். ஆனால் டொமைன் கணக்கைத் தேடினால், அது தளம் செய்துகொடுத்தவரின் மெயிலில் இருக்கிறது. காசு கட்டியது குழு. கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்.

பாளை_வலை:
அப்படியானால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இதை முடியுங்கள். ஹோஸ்டிங் போனால் இன்னொன்று வாங்கலாம். டொமைன் கைவிட்டுப் போனால் விசிட்டிங் கார்டிலும் பாயோடு வைக்கும் அட்டையிலும் அச்சடித்த பெயர் போய்விடும்.

டொமைனின் காலாவதி தேதியை, பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் பாருங்கள். குழு பணம் கட்டிய ரசீதை இணைத்து அவருக்கு எழுத்தில், மெயிலில் கேளுங்கள். டொமைன் வாங்கிய அதே நிறுவனத்தில் குழு பெயரில் ஒரு கணக்கு தொடங்கினால், பெரும்பாலும் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றித் தந்துவிடுவார்கள். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் மாற்றவிடாமல் வைத்திருக்கும் லாக்கை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு தரச் சொல்லுங்கள். .காம் டொமைனை அப்படி மாற்றும்போது கட்டுகிற காசுக்கு ஒரு வருஷம் கூடுதலாகச் சேரும். ஆனால் ஒருமுறை மாற்றினால் 60 நாளுக்கு மறுபடி மாற்ற விடமாட்டார்கள், அதனால் யோசித்து இடம் பிடியுங்கள்.

பத்தமடை_பாய்:
ரசீதோடு மெயில் போட்டதும் குழுவின் கணக்குக்கு மாற்றிவிட்டார் அண்ணாச்சி. இப்போது மெயிலுக்கு என்ன செய்ய?

பாளை_வலை:
நல்லது. கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

உங்கள் மெயில் இப்போது அந்த ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறது, ஹோஸ்டிங் முடிந்தால் அதுவும் முடியும். முதலில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில், ஐமேப் (சர்வரிலுள்ள மெயிலை வேறு மென்பொருளில் பார்க்கும் முறை) வழியாகக் கணக்கைச் சேர்த்து, பழைய கடிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அப்புறம் ஜோஹோ மெயிலின் இலவசத் திட்டத்தில் டொமைனைச் சேர்த்துவிடுங்கள். நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான். இலவசத்தில் ஐமேப் வராது, பிரவுசரிலும் அவர்கள் ஆப்பிலும்தான் பார்க்க முடியும். குழுவுக்கு அது போதும்.

தளம் புது இடத்திலிருந்து திறக்க, டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைக் கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றும்போது பழைய டிஎன்எஸ் பதிவுகளை (தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புகள்) அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிசையை நீங்களே திறந்து, பழைய ஹோஸ்டிங்கைக் காட்டுவதை நீக்கி, ஜோஹோ கொடுத்ததைப் போடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர இரண்டு நாள் வரை ஆகலாம். அதுவரை பழைய ஹோஸ்டிங் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு இடம்விட்டு ஆரம்பியுங்கள். ஹோஸ்டிங்கின் ஆட்டோ ரினியூவலை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

படங்களையும் இந்தச் சாக்கில் குறைத்துவிடுங்கள். போனில் எடுத்ததை அப்படியே போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. 1,600 பிக்சல் அகலம் போதும். ஆனால் பாயின் ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்த படத்தை ரொம்பவும் அமுக்க வேண்டாம். பட்டு நூல் கோரையின் ஊடே ஏறி இறங்குவது தெரிந்தால்தான் வாங்குகிறவருக்கு வேலைப்பாடு புரியும்.

பத்தமடை_பாய்:
எம்எக்ஸ், எஸ்பிஎஃப் இரண்டும் போட்டாயிற்று. தூத்துக்குடியில் இருக்கும் மச்சானை ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன், ஜோஹோவில் வந்தது. பதில் போட்டேன், அவருக்கு இன்பாக்ஸிலேயே விழுந்திருக்கிறது. தளமும் புது இடத்திலிருந்து திறக்கிறது. இனி வருஷத்துக்கு டொமைன் காசு மட்டும்தான். கல்லிடை அண்ணே, விலைப்பட்டியலை மாற்றும்போது எக்ஸாம்பில் சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.

கல்லிடை_அப்பளம்:
கேளுங்கள். டொமைன் புதுப்பிக்கும் நினைவூட்டல் குழுவில் இரண்டு பேர் மெயிலுக்காவது வரும்படி வைத்துவிடுங்கள்.