கனடா மாண்ட்ரியல் குளிர்ல தினமும் அரை மணி நேரம் வெளிய இருக்கறது எப்படி? (பாண்டி, கடலூர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு; பேசறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப் பகுதிப் பேரு)

லாஸ்பேட்டை: இங்க வந்து இதுதான் முதல் குளிர்காலம். நாலரைக்குள்ள இருட்டிடுது. ஆபீஸ், வீடு, ஜன்னல், அவ்வளவுதான் நாள். மனசு ஒரு நிலையில இல்ல. மரம், காத்துன்னு கொஞ்ச நேரம் வெளிய இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது. ஆனா மைனஸ் 10ல எப்படி உக்கார்றது? தெரிஞ்ச அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்: தம்பி, முதல்ல வெளிச்சக் கணக்கைப் பாருங்க. நம்ம ஊர்ல மார்கழியில பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கும். மாண்ட்ரியல்ல டிசம்பர் 21 வாக்குல 8 மணி 40 நிமிஷம்தான். நடுப்பகல்லயே சூரியன் 21 டிகிரி உயரத்துக்கு மேல ஏறாது. அதே நாள் பாண்டியில 55 டிகிரி வரைக்கும் ஏறும். மார்கழின்னா விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கற பழக்கம் நமக்கு. இங்க அப்படி எழுந்தா வெளிச்சம் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருட்டுலயே உக்காந்திருக்கணும். அதனால மதியச் சாப்பாட்டு இடைவேளையை இதுக்குன்னு ஒதுக்குங்க. மேகமா இருந்தாலும் போங்க. ரூம் லைட்டு சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) தாண்டாது, மேகமூட்டமான வெளியில அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். உடம்போட தூக்கக் கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம் வேணும்.

மழை பெஞ்சா வீட்டுக்குள்ள இருந்துட்டு, விட்டப்பறம் போகலாம்ங்கற ஐப்பசி வழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க. இந்தக் குளிர் விடறதுக்கு ஏப்ரல் ஆகிடும்.

துணி விஷயத்துல எல்லாரும் தடுக்கி விழற இடம் பருத்தி. பனியன், ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ் எல்லாம் வேர்வையைக் குடிச்சு ஈரமாவே நிக்கும். நடக்கும்போது தெரியாது, உக்காந்த அஞ்சாவது நிமிஷம் நடுக்கம் வரும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி இல்லாட்டி பாலியெஸ்டர் தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ் (மெத்துனு இருக்கற செயற்கைத் துணி), வெளிய காத்து புகாத கோட்டு. ஏத்தம் ஏறும்போது கோட்டு ஜிப்பைத் திறந்து விடுங்க, உக்கார்றதுக்கு முன்னாடி மூடுங்க. பூட்ஸ் அரை சைஸ் பெருசா வாங்குங்க. ரெண்டு சாக்ஸைத் திணிச்சு இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். விரல் விரலா இருக்கற க்ளவுஸை விட, நாலு விரலும் ஒண்ணா இருக்கற மிட்டன்தான் சூடு காக்கும்.

தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீங்க, காத்தையும் பாருங்க. மைனஸ் 10ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20. அந்த மாதிரி நாள்ல உக்கார வேணாம், நடந்துட்டு வந்துடுங்க.

முதலியார்பேட்டை: உக்கார்றதைப் பத்தி நான் சொல்றேன். தினமும் ஒரே இடத்துக்குப் போறதுதான் இதுல பெரிய விஷயம். மோன்-ராயல் மலை வரைக்கும் போகணும்னு இல்ல. தெருமுனைப் பார்க்குல ஒரு மரமும் ஒரு பெஞ்சும் போதும். பத்து நிமிஷம் நடை, பத்து நிமிஷம் உக்கார்றது, திரும்ப நடை. பெஞ்சு மேல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு தண்ணி உறிஞ்சாத ஃபோம் துண்டு போட்டுக்கங்க. அது இல்லேன்னா உடம்புச் சூட்டை பெஞ்சு இழுத்துக்கும். போனை உள்பாக்கெட்டுல வைங்க. குளிர்ல பேட்டரி பொசுக்குன்னு இறங்கிடும்.

முதல் ரெண்டு நிமிஷம் காதை மட்டும் வைங்க. புதுப்பனி மேல நடந்தா எழும்புற சத்தத்தைக் கேளுங்க: பூஜ்யத்தை ஒட்டின நாள்ல சத்தமே இருக்காது, மைனஸ் 10க்குக் கீழ போச்சுன்னா கறுக்கு கறுக்குன்னு கத்தும். புதுப்பனிக்குள்ள காத்து நிறைய அடைபட்டிருக்கறதால அது தெரு இரைச்சலை விழுங்கிடும். அதனால பனி விழுந்த அன்னிக்குப் போறதை மட்டும் விட்டுடாதீங்க. கருப்பு கம்பளி போட்ட கையை நீட்டினா விழற பனித்துகளோட ஆறு கிளையும் தனித்தனியா தெரியும். மூச்சு மேல படாம பாருங்க, உருகிடும்.

அப்பறம் மரம். இலை கொட்டின கிளையைக் கிட்ட போய்ப் பாருங்க, மொட்டு இருக்கும். அது போன கோடையிலயே உருவாகி, செதில் மூடிக் காத்திருக்கற மொட்டு. மேப்பிள்ல மொட்டுங்க ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கும், ஓக்குல ஒவ்வொண்ணா மாறி மாறி இருக்கும். பனியில அணில் தடம் பாத்தா பெரிய பின்னங்கால் முன்னாடியும் சின்ன முன்னங்கால் பின்னாடியும் பதிஞ்சிருக்கும், தாவற வாகு அப்படி. கருப்புத் தொப்பி போட்ட மாதிரி ஒரு சின்னக் குருவி வரும், சிக்கடீன்னு பேரு. எச்சரிக்கும்போது கடைசி 'டீ டீ'யை அடுக்கும். ஆபத்து பெருசா இருந்தா 'டீ' இன்னும் கூடும். பொங்கலுக்கு அப்பறம் கேட்டீங்கன்னா அதே குருவி ரெண்டே சுரத்துல வேற பாட்டு ஆரம்பிச்சிருக்கும். பனி முழங்கால் அளவு கிடக்கும்போதே அதுக்கு வசந்தம் தொடங்கிடுது.

டிசம்பர் 21 தாண்டியும் காலை விடியல் உடனே முன்னாடி வராது, ஜனவரி முதல் வாரம் வரைக்கும் தள்ளித்தான் போகும். சாயங்கால வெளிச்சம்தான் முதல்ல நீளும், அதைக் கவனிங்க. வைத்திக்குப்பத்துலயும் தேவனாம்பட்டினத்துலயும் மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வர்ற நேரத்துல இங்க பகல் பத்தரை மணி நேரத்தைத் தாண்டியிருக்கும்.

லாஸ்பேட்டை: ரொம்ப நன்றிக்கா, அண்ணா. வழுக்கறதுக்கும் விரல் மரத்துப்போறதுக்கும் என்ன பண்றது?

மஞ்சக்குப்பம்: உருகின பனி ராத்திரி மறுபடி உறைஞ்சா கண்ணுக்கே தெரியாத ஐஸ் ஆகிடும். பூட்ஸ்ல மாட்டற முள்பட்டையை, இங்க க்ராம்போன்னு விக்கறாங்க, வாங்கி வைங்க. அடி சின்னதா வைங்க, உடம்பு எடை முன்காலுக்கு மேல இருக்கட்டும். ஏரி, ஆத்துப் பனி மேல கால் வைக்காதீங்க. தலைக்குக் குளிச்ச ஈரத்தோட வெளிய வராதீங்க, முடி விறைச்சிடும்.

விரல், மூக்கு நுனி, காது மரத்துப்போச்சுன்னா உடனே உள்ள போயிடணும். குளிர்ல உறைஞ்ச தோல் வெள்ளையா மாறும்னு குறிப்புகள்ல போட்டிருப்பாங்க. நம்ம நிறத்துல அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும், இல்ல தெரியவே தெரியாது. அதனால நிறத்தைப் பாக்காம உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. தேய்க்காதீங்க, ஹீட்டர் மேல வைக்காதீங்க, தோல் பொசுங்கிடும். 37லிருந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில முக்கி வைங்க. கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பலைன்னாலோ ஆஸ்பத்திரி.

முதலியார்பேட்டை: ஒண்ணு சேத்துக்கறேன். வானத்துல இவ்வளவு தாழ்வா இருக்கற குளிர்கால வெயில் வைட்டமின் டி தராது, நம்ம தோலுக்கு இன்னும் கஷ்டம். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, வேலை எதுலயும் பிடிப்பில்லாம போச்சுன்னா பார்க்குக்குப் போறதோட நிறுத்தாம டாக்டரையும் பாருங்க தம்பி. குளிர்கால மனச்சோர்வுக்கு இங்க முறையா வைத்தியம் இருக்கு.