புதுப்பிப்பு: செயின்சா பேன்ட், கடைசியில் எது எடுத்தேன்

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் பட்ட மரங்களைச் செயின்சாவால் (மோட்டாரில் ஓடும் சங்கிலி ரம்பம்) அறுக்க, நாள்பட உழைக்கிற பாதுகாப்பு பேன்ட் எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"துணி கனத்தைப் பாக்காதீங்க, லேபிளைப் பாருங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் உதவியது. லேபிளில் ஐஎஸ்ஓ 11393-2 (செயின்சா கால் காப்புக்கான சர்வதேசத் தரம்), கிளாஸ் 1, டைப் ஏ என்று இருந்ததை எடுத்தேன். கிளாஸ் 1 என்றால் செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சோதித்தது. டைப் ஏ-வில் காப்பு முக்கியமாக முன்பக்கம்தான்; சுற்றிலும் காப்புள்ள டைப் சி-யை நம்ம கடலூர் வெயிலில் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. தடி ஜீன்ஸே போதும் என்றவர்களுக்கு: ஜீன்ஸ் செயினை நிறுத்தாது. இதில் உள்ளே இருக்கும் நீள இழைகள் உருவிக்கொண்டு போய், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சுற்றி நிறுத்தும்.

எதிர்பாராதது ஒன்று. கருவேல முள் பட்டு முழங்காலில் மேல்துணி கிழிந்தது. டெய்லர் உள்அடுக்கையும் சேர்த்து மெஷின் ஓட்டப் போனார், நல்லவேளை பக்கத்தில் நின்றேன். உள்ளே தையல் விழுந்தால் இழை உருவி வராது. மேல்துணிக்கு மட்டும் ஒட்டுப் போட்டு வாங்கினேன். செயின் ஆயில் ஊறினாலும் காப்பு குறையும் என்பதால் சீக்கிரம் அலசிவிடுகிறேன், ப்ளீச் கிடையாது. செயினே பட்டு உள்அடுக்கு அறுந்தால் தையலுக்கு வேலையில்லை, வேறு பேன்ட்தான்.